தவிட்டுக்குப் போன ஹாரிஸ்

அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது தண்ணீருக்கு மேலே. தாலி கட்டிய மூன்றாம் நாள் என்னை வேப்பந்திடலுக்கு அழைத்து வந்தார்கள். ஆவணி மாதம். முத்துப்பேட்டைக்கு வடக்கே இரண்டு மைல் தள்ளி இருக்கிற கடைமடை ஊர் அது. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்து, கடைசியாகத்தான் எங்களிடம் வரும். அன்றைக்குத்தான் வந்திருந்தது. வயல் தெரியவில்லை, வானம்தான் கீழே விரிந்து கிடந்தது. நடுவே ஒற்றை வரப்பு. ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ ஒரு பெண்குரல், “ஏ ஹாரிசு! ஹாரிசோ...” என்று இழுத்துக் கூப்பிட்டது. தண்ணீரில் பட்டு அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது.

நாங்கள் போவதோ குடித்தெருவுக்கு. கூலிக்கு நடவும் அறுப்பும் செய்கிற சனங்கள். அங்கே எப்படித் துலுக்கப் பெயர் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் எருமை மேல் உட்கார்ந்து ஒரு பையன் தண்ணீருக்குள்ளிருந்து வந்தான். ஒன்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு கோவணம். என் புருஷன் சாமிதுரையின் சின்னம்மா காத்தாயி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைச் சுருக்கி அந்தப் பையன் கழுத்துக்கு மேலே வைத்தது போல இருந்தது.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டேவிட்டேன்.

“யாருங்கத்தை அந்தப் புள்ள? உங்க சாடை அப்படியே இருக்கே.”

காத்தாயி அத்தை அகப்பையைக் கீழே வைத்தாள். வாசலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “சாடையாவது கீடையாவது. அது தாவூது வூட்டுப் புள்ள. இங்க வந்து திங்குது, தூங்குது. அவ்வளவுதான்” என்றாள்.

அவள் புருஷன் வைரக்கண்ணு, வாயில் இருந்த சோற்றோடு சிரித்துப் புரையேறிப் போனார்.

என் மாமியார் காளியம்மாள்தான் பிறகு விவரம் சொன்னாள். காத்தாயிக்கு முதலில் பிறந்தது பெண். பல் முளைக்கும் முன்னே போயிற்று. இரண்டாவது பையன், தவழ்கிற பருவத்தில் போனான். மூன்றாவது பெயர் வைக்கக்கூட நாள் கொடுக்கவில்லை. நான்காவது, தை அறுப்பில் களத்து மேட்டிலேயே பிறந்தது. ஏழாம் நாள் அந்தப் பிள்ளையை முறத்தில் போட்டு, துணியை மூடி, முத்துப்பேட்டைக்கு நடந்து போனாள். அங்கே சேக் தாவூது மரைக்காயர் வீட்டில் அவள் நெல் குத்துகிறவள். மரைக்காயரின் சம்சாரம் லத்தீஃபா, இவள் வயதுக்காரி. இவளுக்குப் பழஞ்சோறு போடும்போது தானும் கூட உட்கார்ந்து பேசுகிறவள்.

வாசற்படியில் முறத்தை வைத்துவிட்டு, தெருவில் இறங்கி நின்றுகொண்டு காத்தாயி கேட்டாளாம்: “தவிட்டுக்குக் குடுக்கிறேன். வாங்கிக்கிறீங்களா?”

பிள்ளை தங்காத வீட்டில் இப்படிச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். தவிட்டுக்கு விற்றுவிட்டால் பிள்ளை வேறு வீட்டுடையது. தேடி வருகிற சாவு பழைய வீட்டில் பார்த்துவிட்டு, இங்கே பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடும். லத்தீஃபாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் ஒரு படி தவிடு கொண்டு வந்து காத்தாயியின் மடியில் கொட்டினாள். முறத்தைத் தூக்கிக்கொண்டாள்.

“இது இனிமே எம் புள்ள. பாலு குடுக்க மட்டும் உங்கிட்ட வுடுறேன். வளத்துத் தா.”

“பேரும் நீங்கதாம்மா வைக்கணும்.”

“அப்துல் காதர்னு வைக்கவா?”

“வேணாம்மா. அது எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. சாவு இதுவரைக்கும் கூப்பிடாத பேரா ஒண்ணு வைங்க.”

லத்தீஃபா திகைத்துப்போனாளாம். அவள் தெருவிலேயே காதர் ஏழு பேர், முகம்மது அலி நாலு பேர். அந்தப் பெயர்களில் எல்லாம் யாராவது ஒருவர் மையத்தாங்கொல்லையில் புதைந்து கிடக்கிறார்கள். தொழுகை முடிந்து வந்த மரைக்காயர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “ஹாரிஸ்னு வை” என்றார். அவர் பினாங்கில் கடை வைத்திருந்த நாளில் ஓர் அரபு வியாபாரிக்கு அந்தப் பெயராம். “முத்துப்பேட்டையில இந்தப் பேரு யாருக்கும் இல்லை. இருக்கிறவங்களுக்கும் இல்லை, போனவங்களுக்கும் இல்லை.”

மறுவாரம் தேங்காய் பறிக்கப் போன வைரக்கண்ணு, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மரைக்காயரிடமே கேட்டிருக்கிறார்.

“உழுகிறவன், வெள்ளாமை பண்றவன்னு அர்த்தம்.”

“அடப் பாவமே! இதுக்கா அரபு தேசம் வரைக்கும் போனீங்க? எங்க தெருவுல கண்ணை மூடிக்கிட்டு ஒரு மண்ணாங்கட்டியை எறிஞ்சா உழுகிறவன் மண்டையிலதானே வுழும்.”

“சிரிக்காதே வைரக்கண்ணு. யாருக்கு வச்சாலும் பொய்யாகாத பேரு இதுன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க. மனுசனாப் பொறந்தவன் எதையாவது உழுதுகிட்டுத்தானே கிடக்கணும்.”

இப்படி வந்த பெயர் அது. எங்கள் தெருவின் வாயில் அது ‘ஹாரிசு’ ஆயிற்று.

காத்தாயி அத்தை அந்த வாக்கைக் காப்பாற்றின மாதிரி நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் வாயில் ‘எம் புள்ள’ என்ற சொல் வரவே வராது. அவனும் அவளை ஆத்தா என்றதில்லை. அந்த வீட்டுக்கு மருமகள் முறையான நானும் அவளை அத்தை என்றேன், வயிற்றில் பிறந்தவனும் அத்தை என்றான். வைரக்கண்ணு அவனுக்கு மாமா. முத்துப்பேட்டைக்குப் போனால் லத்தீஃபா உம்மா, மரைக்காயர் வாப்பா. பெருநாளுக்கு அவனுக்குப் புதுச்சட்டை அங்கிருந்து வரும். பொங்கலுக்கு அவன் கரும்பு கொண்டுபோய்க் கொடுப்பான்.

அவனை அவள் நேராகப் பார்க்கவும் மாட்டாள். பெற்றவள் கண் பட்டுவிடுமாம். வாய்க்கால் கரையில் அவன் எருமை கழுவும்போது, கொஞ்சம் கீழே படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பாள். தேய்ப்பது போல இருக்கும். கண் தண்ணீரில் இருக்கும். தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு பையன் நின்று எருமையின் முதுகைத் தேய்ப்பான். அலை வந்தால் கலைவான், அலை அடங்கினால் மறுபடி கூடுவான். அவள் தேய்க்காத பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். எத்தனையோ தடவை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். கூப்பிட மனசு வராது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறார். “எங்க புள்ள இல்லைங்க. சேக் தாவூது வூட்டுப் புள்ள” என்று காத்தாயி சொல்லியிருக்கிறாள். வாத்தியார் வெளியூர்க்காரர். சொன்னபடி எழுதிவிட்டார். விஷயம் தெரிந்து வைரக்கண்ணு சிரித்தார். “எழுத்துல யாரு அப்பனா இருந்தா என்ன, காலையில எழுந்திரிச்சு எங்கூடத்தானே வயலுக்கு வர்றான்?”

வயல் என்று அவர் சொன்னது வடக்குப்பத்தில் இருந்த ஆறு மா குத்தகை நிலம், இரண்டு ஏக்கர் வரும். மிராசுதார் கோவிந்தராசுவின் தகப்பனார் காலத்தில், ஒன்றும் விளையாத களர் என்று வைரக்கண்ணுவிடம் விட்டது. எங்கள் தெருவிலேயே குத்தகை என்று வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். இலையும் தழையும் மிதித்து மிதித்து அதை நிலமாக்கினார். பன்னிரண்டு வயதில் ஹாரிஸ் அங்கே கலப்பை பிடித்தான். பனி விலகாத காலையில் அவன் உழுவதைப் பார்த்தால், மாடும் தெரியாது ஆளும் தெரியாது. “தா... தா...” என்ற குரல் மட்டும் வெள்ளைக்குள் போய்த் திரும்பி வரும். சேறு புரளுகிற வாசனை வரும். அவன் உழுது முடித்த வயலில் கொக்குகள்கூட நிதானமாக இறங்குவதாக எனக்குத் தோன்றும்.

காலம் மாறிக்கொண்டிருந்தது. உதயசூரியன் ஆட்சிக்கு வந்தது. தெருமுனையில் கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று, அதற்கு எதிரே வெறும் சிவப்புக் கொடி ஒன்று. கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டதற்கு, மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுத்தார்கள். கிழக்கே ஓர் ஊரில் குடிசைக்குள்ளேயே சனங்கள் எரிந்துபோன சேதி ஒரு மார்கழியில் வந்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் எங்கள் தெருவில் கூரைக்குக் கீழே படுக்கவே பயந்தோம். பிறகு குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவு செய்யும், பதிந்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்ததாக, சிவப்புக் கொடிச் சங்கத்து இராஜாங்கம் சைக்கிளில் வந்து சொன்னார். வைரக்கண்ணு அதைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் பங்குனியில் களத்தில் கதிர்க்கட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கொள்ளி வைத்தது என் புருஷன் சாமிதுரை. ஹாரிஸ் வைக்கக் கூடாது என்று காத்தாயி சொல்லிவிட்டாள். புருஷன் செத்துக் கிடக்கும்போதும் அவளுக்கு அந்த நினைப்பு இருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பதிவு விசாரணை வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. மிராசுதார் வரவில்லை. அவருடைய காரியக்காரர் வந்திருந்தார்.

“வைரக்கண்ணு சம்சாரம் நீங்கதானேம்மா? நிலத்தை உங்க பேர்லயே பதிஞ்சிடலாம். ஆனா குத்தகைதாரர்னா அந்தக் குடும்பத்து ஆளே உழுது பாடுபடணும். உங்க நிலத்தை இப்ப உழுறது யாரு?”

“ஹாரிசுங்க.”

“அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

காத்தாயி அத்தை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

காரியக்காரர் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். “நான் சொல்றேங்க. இது அவன் அஞ்சாவது படிச்ச சர்டிபிகேட்டு. தகப்பன் பேரு சேக் தாவூது. வைரக்கண்ணுக்கு வாரிசு கிடையாது. கொள்ளி வச்சதுகூட அந்தா நிக்கிறானே சாமிதுரை, அவன்தான். இந்தம்மா ஊரான் வீட்டுப் புள்ளைக்கு நிலத்தை உள்குத்தகை விட்டிருக்கு. உள்குத்தகை விட்டா உரிமை போச்சுன்னு உங்க சட்டமே சொல்லுது.”

“யோவ், ஊருக்கே தெரியும்யா அவன் யாரு பெத்த புள்ளைன்னு!” என்று இராஜாங்கம் கத்தினார்.

“ஊருக்குத் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியலையே? கேளுங்களேன், அது வாயால சொல்லட்டும்.”

அதிகாரி கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். “அம்மா, இந்தக் காகிதத்தைத் தள்ளிட்டு நான் எழுத முடியும். அதுக்கு நீங்க வாக்குமூலம் தரணும். ‘இவன் எனக்கும் வைரக்கண்ணுவுக்கும் பொறந்த மகன்.’ இவ்வளவு சொன்னா போதும்.”

அவள் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி பதினைந்து நாள் தவணை கொடுத்தார்.

அந்தப் பதினைந்து நாளும் எங்கள் தெருவுக்கு வேறு பேச்சில்லை. இராஜாங்கம் தினமும் வந்தார். “அக்கா, சங்கம் ரத்தம் சிந்தி வாங்கின சட்டம் இது. ஒரே ஒரு வார்த்தைக்கா” என்று காலைத் தொடாத குறையாகக் கேட்டார். லத்தீஃபாவே வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

“இந்தா பாரு காத்தாயி, நான் வந்து சொல்றேன், நான் பெக்கலைன்னு. நீயும் சொல்லு. நாந்தான் வாங்கினவ, நானே திருப்பித் தர்றேன். எடுத்துக்க.”

“நீங்க தந்தாலும் நான் வாங்க மாட்டேம்மா.”

“பைத்தியமாடி உனக்கு? அவனுக்கு மீசை வந்துடுச்சு. இனிமேலா ஒண்ணு ஆகப்போவுது?”

“மூணைக் குடுத்தவளுக்குத்தாம்மா தெரியும்.”

லத்தீஃபா அழுதுகொண்டே வண்டியேறினாள்.

ஆனாலும் காத்தாயி முயற்சி செய்தாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். பத்தாம் நாள் விடியலில் தண்ணீர் எடுக்கப் போனேன். அவள் வாய்க்கால் படியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். மூடுபனி. குனிந்து தண்ணீரிடம் பேசிக்கொண்டிருந்தாள். “எம் மவன்... எம் மவன்... எனக்கும் அவருக்கும் பொறந்த மவன்...” சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருஷம் வாயில் வைத்திருந்த வெல்லக்கட்டியைக் கடித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. நான் குடத்தோடு ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஹாரிஸ் வயலிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தான். காய்ச்சல். நாலு நாள் கண் திறக்கவில்லை. முந்தின இரண்டு நாளும் மழையில் நின்று நாற்றங்காலுக்கு வடிகால் வெட்டினவன், காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? எனக்கு அது தெரிந்தது. அவளுக்கு வேறு ஒன்று தெரிந்தது. அவன் தலைமாட்டில் உட்காரவில்லை. வீட்டுக்கு வெளியே வேலியோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. “நாந்தான், நாந்தான்” என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். லத்தீஃபா ஜாம்புவானோடை தர்காவில் ஓதிவாங்கின தண்ணீரைக் கொண்டுவந்து புகட்டினாள். ஐந்தாம் நாள் வேர்த்து இறங்கியது.

எழுந்து கஞ்சி குடிக்கும்போது ஹாரிஸ் என்னைக் கேட்டான்: “அண்ணி, அத்தை ஏன் வேலிகிட்டயே கெடக்கு?”

நான் சொல்லிவிட்டேன். வாய்க்காலில் பார்த்தது, கேட்டது எல்லாம் சொன்னேன். அவன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தான்.

“சொல்லிப் பாத்துச்சா? எப்படிச் சொல்லிச்சு?”

“எம் மவன்னு சொல்லிச்சு.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணி, அது சொன்ன மாதிரியே.”

நான் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். சின்னப்பிள்ளை தூக்கத்தில் சிரிக்குமே, அப்படி முகம் வைத்திருந்தான். இதையெல்லாம் அவனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பதினைந்தாம் நாள் மறுபடி மேசை. காத்தாயியை நானும் என் மாமியாரும் இரண்டு பக்கமும் பிடித்து அழைத்துப் போனோம். பள்ளிக்கூட வாசலில் தெருவே கூடியிருந்தது. லத்தீஃபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். “நான் பெக்கலைங்க, தவிட்டுக்கு வாங்கினேன். அல்லா அறிய இதுதான் உண்மை” என்றாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு காத்தாயி பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்கம்மா. இவர் யாரு?”

ஹாரிஸ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். காய்ச்சலில் இளைத்து, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. காத்தாயி அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அவள் கை என் கையில் இருந்தது. உதடு ‘எ’ என்று குவிந்தது. இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

“சார்” என்றான் ஹாரிஸ். “அவங்களைக் கேக்காதீங்க. எழுதிக்குங்க. நான் அவங்க புள்ள இல்லை.”

“டேய்!” என்று இராஜாங்கம் பாய்ந்தார்.

“நான் தாவூது வூட்டுப் புள்ள. இங்க வந்து திங்கிறேன், தூங்குறேன், அவ்வளவுதான்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தார். “யோசிச்சுத்தான் பேசுறியாப்பா? நிலம் போயிடும்.”

“தெரியும் சார்.”

என் கைக்குள் இருந்த கை நழுவியது. காத்தாயி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். பெரிய கடனை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனை நேராக நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். உடனே குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் எங்கள் சனங்களே அவனை ஏசினார்கள். “கெட்டிக்காரன்டா, தங்கத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டு வர்றான் மிராசுதாருக்கு!” என்றான் ஒருத்தன். சங்கத்தில் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. மறுநாள் காரியக்காரர் ஆள் அனுப்பி வடக்குப்பத்தில் ஏர் கட்டினார். ஹாரிஸ் போய் வரப்பில் நின்றான். சண்டைக்குத்தான் போகிறான் என்று என் புருஷன் கம்போடு பின்னாலேயே ஓடினார். அவன் ஏர்க்காரனிடம் சொன்னது இதுதான்:

“அண்ணே, ஈசான மூலையில ஆழமா வுடாதீங்க, களரு மேல வந்துடும். நாத்து இருவத்தஞ்சு நாளாச்சு. நாளைக்கே நட்டுடுங்க.”

நிலத்துக்காக ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒருத்தன். எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். காத்தாயிக்கு மட்டும் அது தோல்வியாகவே படவில்லை. ஆறு மாவைக் கொடுத்தாள், பிள்ளையை வைத்துக்கொண்டாள். அவள் கணக்கு அத்தோடு நேராகிவிட்டது.

கொஞ்ச நாளில் மரைக்காயர், கழிமுகத்துப் பக்கம் அலையாத்திக் காட்டை ஒட்டி இருந்த தன் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். தோப்பின் தாழ்வில் உப்பேறிக் கிடந்த கொஞ்சம் நிலத்தை மழைநீரால் கழுவிக் கழுவி நாலாம் வருஷம் நெல் விளைய வைத்தான். நன்னிலத்துப் பக்கத்திலிருந்து நீலாம்பாளைப் பேசி முடித்தோம். கல்யாணத்தோடு தவிட்டுப் பிள்ளையை மீட்டுக்கொள்வது வழக்கம். காத்தாயி அதற்கும் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பெற்றவர்களாக மணப்பந்தலில் நின்றது சேக் தாவூதும் லத்தீஃபாவும். பெண் வீட்டார் முழித்தார்கள். காத்தாயி பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தாள். “யாருங்க அந்தம்மா, இவ்வளவு ஓடியாடி வேலை செய்யுது?” என்று பெண்ணின் அத்தை ஒருத்தி என்னைக் கேட்டாள். “கல்யாணத்துக்கு வந்தவங்க” என்றேன். வேறென்ன சொல்வது?

பெயர் பரவ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எங்கள் தெருவில் ஒருத்திக்குக் குறைமாதப் பிள்ளை பிறந்தது. காத்தாயி வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிய பெயராயிற்றே என்று அதற்கும் ஹாரிஸ் என்றே வைத்தாள். அது பிழைத்தது. அடுத்த வருஷம் இரண்டு. காத்தாயி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். “ஊருல பேருக்கா பஞ்சம்? ஆளாளுக்கு எடுத்தா அதுல என்னடி பெலம் மிச்சமிருக்கும்?” யாரும் கேட்கவில்லை. எண்பதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஐந்து பேர் ‘உள்ளேன் ஐயா’ சொன்னார்கள். கோவிந்தராசு மிராசுதாரின் வண்டிக்காரன் பேரன்கூட ஹாரிஸ்தான். அந்தப் பக்கம் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் அரபு நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள், காதரையும் மைதீனையும் விட்டுவிட்டு ஹாரிஸ், ஹாரிஸ் என்று வைத்தார்கள். இப்போது அங்கே ஒரு கல்யாண வீட்டில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் பத்துத் தலை திரும்பும். அர்த்தம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கைப்பேசியைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள்.

வடக்குப்பத்து நிலத்தை மிராசுதாரின் மகன் பிற்பாடு இறால் பண்ணைக்கு விற்றுவிட்டான். அதை நான் போய்ச் சொன்னபோது ஹாரிஸ் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். “அத்தை அன்னைக்குச் சொல்லியிருந்தா, இன்னைக்கு அந்த நிலத்தை எறாலுக்காரன்கிட்ட வுட்டுட்டு நான்ல உக்காந்து அழுவேன். போங்கண்ணி, நீலாம்பா காப்பி போட்டிருக்கா, குடிச்சிட்டுப் போங்க” என்றான்.

காத்தாயி அத்தை சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். கொள்ளி சாமிதுரைதான் வைக்கணும் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். இனிமேல் என்னப்பா இருக்கிறது, நீயே வை என்று பெரியவர்கள் ஹாரிஸிடம் சொன்னார்கள். “அத்தை சொன்னபடியே நடக்கட்டும்” என்று அவன் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தான். லத்தீஃபா அவளுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

ஹாரிஸுக்கு இப்போது எழுபத்தொரு வயது. முத்துப்பேட்டைக்கு அந்தப் பக்கம், லத்தீஃபாவின் பேரன்களுக்குச் சொந்தமான அதே தோப்பில், நீலாம்பாளோடும் இளைய மகள் குடும்பத்தோடும் இருக்கிறான். காது கொஞ்சம் மந்தம். தாழ்வு நிலத்தில் இந்த வருஷமும் சம்பா நட்டிருக்கிறான்.